பலூனில் பறக்கும் மாற்று விசை

மழை ஒன்றே, அதனை எதிர்நோக்குவோர் மனம் இரண்டு. வானூர் வட்டாரத்தில் மானாவாரிப் புன்செயில் மணிலா விதைத்துவிட்டுக் காத்திருக்கும் விவசாயி, மேற்றிசையில் இடிமுகில் திரள்வதைக் கண்டு உள்ளம் பூரிக்கிறான். அவன் நிலத்துக்குக் கிழக்கே, மரக்காணத்து உப்பளத்தில் வெயிலை நம்பி உப்பு வாரிக்கொண்டிருக்கும் பெண்ணோ, அதே முகிலைக் கண்டு நெஞ்சு பதறுகிறாள். ஒருவருக்கு வரமாக வருவது மற்றொருவருக்கு நஷ்டமாக முடிகிறது. ஆயினும் இருவரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இன்று மாலை மழை உண்டா, இல்லையா?

உப்புத் தொழிலின் தன்மையை அறிந்தவர்களுக்கு இக்கேள்வியின் கனம் விளங்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் பாத்திகளைச் செப்பனிட்டு, உவர்நீரைத் தேக்கி, வெயிலும் காற்றும் அதனை வற்றச் செய்யும்வரை பல நாள் பொறுத்திருக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு ஒரு மணி நேரம் வலுத்துப் பெய்யும் கோடை மழை பாத்தியிலுள்ள உப்பைக் கரைத்துவிடும். அத்துடன் அன்றைய கூலியும் போகும். மழை வருமென்று முன்னாளே நிச்சயமாகத் தெரிந்தால், விளைந்த உப்பை வாரிக் கரையேற்றி மூடி வைக்கலாம். வராதென்று தெரிந்தால், இன்னும் இரண்டு நாள் பாத்தியில் விட்டு நன்கு விளையச் செய்யலாம்.

இக்கேள்விக்கு விடை தரையில் இல்லை. தரையில் நிற்பவன் உணரும் புழுக்கம் கதையின் முதல் வரி மாத்திரமே. தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டரில் காற்று எப்படி இருக்கிறது, ஐந்து கிலோமீட்டரில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, பதினாறு கிலோமீட்டரில் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பவையெல்லாம் தெரிந்தாலன்றி மழையைப் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்ல இயலாது. அந்தச் செய்தியை மேலே சென்று கொண்டுவருவதற்கென்றே ஒரு தூதுவன் இருக்கிறான். ரப்பர் பலூனில் கட்டிப் பறக்கவிடப்படும் 'ரேடியோ ஸோண்ட்' என்னும் சிறு கருவியே அது. சென்னை மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் இத்தகைய பலூன்களை ஏற்றும் நிலையங்கள் உள்ளன. இவ்விரண்டுக்கும் ஏறத்தாழ நடுவே அமைந்திருப்பது வானூர்-மரக்காணம் கரை. ஆகவே இக்கரையின் வானத்தைப் பற்றிய கணக்கு, வடக்கே ஒரு பலூனும் தெற்கே ஒரு பலூனும் சொல்லும் சாட்சியத்தைப் பெரிதும் சார்ந்தது.

அந்தச் சாட்சியம் எவ்வளவு நம்பத்தக்கது என்பது, கருவியினுள்ளே விரல் நகமளவுகூட இல்லாத ஓர் உறுப்பைப் பொறுத்தது. உஷ்ணம், ஈரம், அழுத்தம் ஆகியவற்றை உணரும் உறுப்புகளை முறைவைத்து ஒவ்வொன்றாக ரேடியோவுடன் இணைத்துவிடும் மாற்று விசைதான் அது. இவ்விசையைப் பற்றிப் பொது ஜனங்களிடையே பேச்சில்லை. ஆனால் உப்பளத்தின் லாப நஷ்டத்திலும், புயற்காலத்தில் கரையோர மக்களின் உயிர்ப் பாதுகாப்பிலும் அதற்குப் பங்குண்டு.

கடலில் போன செய்தி

ரேடியோ பிறப்பதற்கு முன்பும் மேல்வாயு ஆராய்ச்சி நடந்ததுண்டு. அக்காலத்தில் பலூனில் கட்டிய கருவி தன் அளவுகளைத் தானே ஒரு சிறு தகட்டில் கீறிக்கொள்ளும். பலூன் வெடித்ததும் கருவி எங்கோ ஒரு வயலிலோ காட்டிலோ விழும். கண்டெடுத்துக் கொண்டுவருவோர்க்கு வெகுமதி உண்டு என்று எழுதிய சீட்டு அதனுடன் கட்டப்பட்டிருக்கும். ஆக்ராவிலிருந்து இவ்வாறு ஏற்றப்பட்ட பலூன்களின் கருவிகள் கிராம ஜனங்களின் நேர்மையால் திரும்பிவந்து, விஞ்ஞானத்துக்குப் பெருந்தொண்டு செய்தன. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவரும், ஸர் சி. வி. ராமனிடம் பயின்றவருமான கே. ஆர். ராமநாதன், இத்தகைய அளவுகளை ஆராய்ந்து 1929-ம் வருஷம் உலகறியச் செய்த உண்மை ஒன்றுண்டு. பூமியின் வாயுமண்டலத்தின் தாழ்ந்த அடுக்குகளில் மிகக் குளிர்ந்த காற்று துருவங்களின் மேல் இல்லை. வெப்பமான பூமத்திய ரேகைப் பிரதேசங்களுக்கு மேலேயே, சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் கொளுத்தும் நம் தலைக்கு மேலேதான் கடுங்குளிர் குடிகொண்டிருக்கிறது!

ஆனால் இந்த முறை கடற்கரைக்குப் பெரிதும் உதவாது. மேல்காற்று கிழக்கே அடித்தால் கருவி வங்காள விரிகுடாவில் விழுந்தொழியும். கீறிய தகடும் அதிலிருந்த செய்தியும் உடன் மூழ்கும். புயல்கள் பிறப்பது கடலில். அக்கடலின் ஓரத்திலேயே அளவெடுக்க இயலாமற்போனது பெருங்குறை. அன்றியும் கருவி திரும்பி வந்தாலும் பல நாள் கழித்தே வரும். நாளைய மழையைச் சொல்ல அது பயன்படாது.

இக்குறையைத் தீர்த்தது ரேடியோ. பிரான்ஸில் ராபர்ட் பூரோ 1929-ம் வருஷம் ஜனவரி 7-ந் தேதி, அளவுகளை உடனுக்குடன் ரேடியோவில் சொல்லும் கருவியைப் பறக்கவிட்டார். மறு வருஷம் ஜனவரி 30-ந் தேதி ரஷ்யாவில் பாவெல் மோல்சனோவும், 1931-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி பின்லாந்தில் வில்ஹோ வைஸாலாவும் தத்தம் கருவிகளை ஏற்றினர். 'ஸோண்ட்' என்பது பிரெஞ்சுச் சொல். கடலின் ஆழம் பார்க்க மாலுமிகள் இறக்கும் கயிற்றுக்கும் அதே பெயர். நம் மீனவர் கீழே இறக்கி ஆழம் பார்ப்பதை, விஞ்ஞானிகள் மேலே ஏற்றி உயரம் பார்க்கிறார்கள்.

ஒரு வாய், பல செய்திகள்

கருவி மேலே போவது எளிது, பேசுவதில்தான் சிக்கல். உஷ்ணம், ஈரம், அழுத்தம் என மூன்று செய்திகள் உண்டு; அவற்றைச் சொல்ல ஒரே ரேடியோ. மூன்று ரேடியோக்களை வைக்கலாமே எனின், எடை கூடும். மின்கலம் பெருக்க வேண்டும். மூன்று அலைவரிசைகள் வேண்டும். ஒரு முறை பறந்து அழியப்போகும் கருவிக்கு அவ்வளவு செலவிடுவது எந்தத் தேசத்துக்கும் கட்டாது. எனவே ஊர்ப் பஞ்சாயத்தில் ஒவ்வொருவராக எழுந்து பேசுவதுபோல, உணர்உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசவேண்டும். யார் எப்போது பேசுவது என்று முறைவைப்பதே மாற்று விசையின் வேலை.

ஆதியில் இவ்வேலையைச் செய்தவை யந்திர விசைகள். வைஸாலா தம் கருவியில் சிறு காற்றாடி ஒன்றைப் பொருத்தினார். பலூன் ஏறும்போது எதிர்ப்படும் காற்றில் அது சுழலும். சுழலும்போதே உணர்உறுப்புகளை ஒவ்வொன்றாக ரேடியோவுடன் இணைக்கும். அமெரிக்காவில் 1930-களின் பிற்பகுதியில் டைமண்ட், ஹின்மன், டன்மோர் ஆகியோர் வேறொரு யுக்தியைக் கையாண்டனர். காற்று நீக்கிய மெல்லிய உலோகப் பெட்டி ஒன்று, மேலே செல்லச் செல்ல வெளியழுத்தம் குறைவதால் விரிந்துகொண்டே போகும். அதனுடன் இணைந்த முள் ஒன்று, வரிசையாகப் பதித்த பட்டைகளின் மேல் நகரும். ஒரு பட்டையில் உஷ்ணம் பேசும். அடுத்ததில் ஈரம் பேசும். எத்தனையாவது பட்டை என்பதை எண்ணி அழுத்தத்தைக் கண்டுகொள்ளலாம். முறைவைக்கும் விசையே அழுத்தமானியாகவும் அமைந்துவிட்டது. இச்சாமர்த்தியம் பல பத்தாண்டுகள் உலகில் நிலைத்து நின்றது.

நமது தேசமும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1940-களில் இந்திய வானிலை இலாகா இரண்டு கருவிகளைச் சொந்தமாக உருவாக்கியது. டில்லியில் எல். எஸ். மாத்தூர் செய்தது விசிறியால் இயங்கும் கருவி. பூனாவில் எஸ். பி. வெங்கிடேசுவரன் முதலியோர் செய்தது கடிகாரப் பொறியால் இயங்கும் கருவி. ஒன்று காற்றையும் மற்றொன்று சுருள்வில்லையும் நம்பி முறைவைத்தன. பெருஞ்செல்வமும் பெரிய தொழிற்சாலைகளும் இல்லாத காலத்தில், நம்மவர் கைவினையால் எழுந்த இக்கருவிகளே இந்தியாவின் வான அளவைக்கு அடிகோலின.

ஆயினும் யந்திர விசைக்கு இயற்கையான குறைகள் உண்டு. கருவி 30 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் புறப்பட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சுழிக்குக் கீழ் 80 டிகிரிக் குளிரைச் சந்திக்கிறது. எண்ணெய் உறையும்; அச்சு இறுகும்; மேகத்தினுள் புகுந்தால் பனி படியும்; தொடுமுனையில் தூசியோ துருவோ இருந்தால் மின்சாரம் தடைப்படும். மேலே காற்று அடர்த்தி குறையக் குறையக் காற்றாடியின் வலுவும் குறையும். அழுத்த விசையிலோ, தரையிலிருந்து கேட்பவர் ஒரு பட்டையை எண்ணத் தவறினால், அதற்குப் பிறகு வரும் உயரங்கள் அனைத்தும் பிசகும். சொன்னவன் உண்மையே சொல்லியிருப்பான். ஆனால் எவன் பேசினான் என்பதைக் கேட்டவன் மாற்றி எழுதிக்கொண்டிருப்பான்.

அசையாத விசை

1947-ம் வருஷம் டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டிரான்ஸிஸ்டர் பிறந்தது. அதன் வழிவந்த மின்னணு விசையில் அசையும் உறுப்பு ஒன்றுமில்லை. அச்சுமில்லை, முள்ளுமில்லை, தேயும் தொடுமுனையுமில்லை. ஒரு சிறு மின்னழுத்தம் கொடுத்தால் வழி திறக்கிறது, எடுத்தால் மூடுகிறது. எட்டு வழிகள் கொண்ட ஒரு சில்லுக்கு மூன்று சைகைக் கம்பிகள் போதும். ஒவ்வொன்றும் 'உண்டு', 'இல்லை' என்று இரு நிலைகளில் ஒன்றில் இருக்கும். ஆகவே மூன்றும் சேர்ந்து எட்டு விதமான கட்டளைகளைத் தரும். ஒவ்வொரு கட்டளையும் ஒரு வழியைத் திறக்கும். படிகக் கடிகாரத்தின் துடிப்புகளை எண்ணும் மற்றொரு சுற்று அக்கட்டளைகளை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். உஷ்ணம், ஈரம், அழுத்தம் என்று சுற்று முடிந்ததும் மீண்டும் உஷ்ணம். கடுங்குளிரிலும் முறை தவறாது.

இதனால் விளைந்த முதல் நன்மை வேகம். பலூன் நிமிஷத்துக்குச் சுமார் 300 மீட்டர் ஏறுகிறது. யந்திர விசை அரை நிமிஷத்துக்கு ஒரு முறை உஷ்ணத்துக்குப் பேச வாய்ப்பளிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கிடையே 150 மீட்டர் காற்று அளக்கப்படாமல் கழிந்துவிடும். மின்னணு விசை விநாடிக்கு ஒரு முறை அளக்க இடங்கொடுத்தால் இடைவெளி ஐந்தே மீட்டர்தான். இவ்வித்தியாசம் வெறும் கணக்கு விளையாட்டன்று. நம் கரையில் பிற்பகலில் ஈரமான கடற்காற்று தாழ்வாக உள்ளே புகுகிறது. அதன் மேல் வெப்பமான மெல்லிய காற்றடுக்கு ஒன்று பானைமேல் மூடிபோல் கவிந்திருந்தால், கீழ்க்காற்று மேலெழ இயலாது, இடிமழை தடைப்படும். மூடி உடைந்தால், அன்று இரவே இடியும் மழையுமாகக் கொட்டலாம். அந்த மூடி சில சமயம் நூறு மீட்டர் கனங்கூட இருப்பதில்லை. விட்டுவிட்டு அளப்பவன் அதைக் காணாமலே தாண்டிப் போய்விடுவான். உப்பளத்தின் அன்றைய தலைவிதியோ அந்த மூடியில்தான் எழுதியிருக்கும்.

ஆனால் மின்னணு விசையும் குற்றமற்றதன்று. திறந்த வழியிலும் சிறிது மின்தடை இருக்கிறது. மூடிய வழியிலும் அணுப்பிரமாணம் மின்சாரம் கசிகிறது. உஷ்ணத்தை உணரும் தெர்மிஸ்டர் என்னும் உறுப்பின் மின்தடை குளிரக் குளிரப் பன்மடங்கு ஏறும். அவ்வளவு பெரிய தடைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கசிவு ஏற்பட்டாலும் மொத்தத் தடை குறைந்ததுபோல் தோன்றும். குளிர்ந்த காற்றை வெப்பமானதென்று கருவி சொல்லிவிடும். கடலோர நிலையங்களில் இதற்கு இன்னொரு காரணமும் சேரலாம். உப்பங்காற்றின் ஈரம் கம்பிகளின் மேல் படிந்தால் அதுவே மின்சாரத்துக்கு ஒரு கள்ளவழியாகும். உப்பு விளையும் கரையில் உப்பே அளவைக்குப் பகையாவது விந்தையே. கம்பிகளுக்கு மெழுகோ அரக்கோ போன்ற பூச்சிட்டு, ஈரம் படாமல் கருவியைக் கையாள்வது இதனால் இன்றியமையாததாகிறது.

முத்திரை எடைக்கல்

இங்கேதான் விசையின் தலையாய கடமை விளங்குகிறது. உணர்உறுப்புகளுக்கு முறைவைப்பதோடு அதன் வேலை தீரவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை, உஷ்ணத்துக்கோ ஈரத்துக்கோ மாறாத ஒரு மின்தடையை அது ரேடியோவுடன் இணைக்கிறது. அத்தடையின் அளவு தரையிலேயே திட்டமாகத் தெரியும். மின்கலம் குளிரில் தளர்ந்து, சுற்றின் அலைவெண் சற்று நழுவினால், தெரிந்த தடையின் குரலும் அதே விகிதத்தில் நழுவும். உணர்உறுப்பின் குரலை இக்குரலோடு ஒப்பிட்டு விகிதம் எடுத்தால் பிழை பெரும்பாலும் நீங்கிவிடும். தராசின் நேர்மையில் சந்தேகம் கொண்ட வியாபாரி, இடையிடையே முத்திரை எடைக்கல்லை வைத்துப் பார்ப்பதுபோன்றதே இது. எடைக்கல் வைக்கும் நேரத்தை மிச்சப்படுத்தி இன்னும் நாலு மூட்டை நிறுத்தால் வேகம் கூடும், நாணயம் போய்விடும்.

ஒரு டிகிரிப் பிழையால் என்ன வந்துவிடும் என்று சிலர் எண்ணக்கூடும். கணக்கிட்டுப் பார்ப்போம். அழுத்தத்தை அளந்து உயரத்தைக் கணிக்கும் கருவியில், தரையருகே 1000 மில்லிபாரிலிருந்து மேலே 100 மில்லிபார் வரையுள்ள காற்று முழுவதையும் ஒரு டிகிரி அதிக வெப்பமாக அளந்துவிட்டால், அந்த 100 மில்லிபார் மட்டத்தின் உயரம் சுமார் 67 மீட்டர் பிசகிவிடும். வெப்பப் பிரதேசங்களில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இம்மட்டத்தின் உயரத்திலுள்ள இயற்கையான வித்தியாசமே பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான். ஆகவே சென்னைக் கருவி ஒரு டிகிரி கூட்டிச் சொல்லி, காரைக்கால் கருவி ஒரு டிகிரி குறைத்துச் சொன்னால், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வானூருக்கு மேலே இல்லாத காற்று ஒன்று காகிதத்தில் வீசத் தொடங்கிவிடும்! இருவரும் ஒரே எடைக்கல்லைக் கையாள வேண்டிய அவசியம் இதனால் புலனாகும்.

இக்காலக் கருவிகளில் நுண்கணிப்பான் ஒன்று இவ்வேலையை மேற்பார்வை செய்கிறது. ஒவ்வொரு உறுப்பின் அளவையும் இலக்கமாக மாற்றி, வரிசையாக அடுக்கி, தலைப்பில் அடையாளச் சைகையும் முடிவில் சரிபார்ப்பு இலக்கமும் சேர்த்து அனுப்புகிறது. நடுவில் ரேடியோ ஒலி தேய்ந்து ஒரு சுற்று தொலைந்துபோனாலும், அடுத்த சுற்றின் தலைப்பைக் கண்டதும் யார் பேசுகிறார் என்பது விளங்கிவிடும். பட்டையை எண்ணித் தவறும் பழைய துன்பம் இல்லை. செயற்கைக் கிரகங்களிலிருந்து வரும் ஜி.பி.எஸ். சைகைகளைக் கொண்டு இடமும் உயரமும் காற்றின் வேகமும் தனியே அறியப்படுகின்றன.

நம் கையும் நம் கருவியும்

கருவியை வடிவமைப்பது ஒரு கலை. ஆயிரம் கருவிகளை ஒன்றுபோலவே செய்வது வேறொரு கலை. இரண்டாவதன் அருமையை நமக்கு உணர்த்தியவர் அன்னா மணி. பீர்மேட்டில் 1918-ம் வருஷம் பிறந்து, சென்னை ராஜதானிக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் ராமனிடம் ஆராய்ச்சி செய்த அவர், 1948-ம் வருஷம் பூனாவில் வானிலை இலாகாவில் சேர்ந்தார். ஏறத்தாழ நூறு வகைக் கருவிகளின் வரைபடங்களைத் திட்டப்படுத்தி, அவை உள்நாட்டிலேயே ஒரே தரத்தில் செய்யப்பட வழிவகுத்தார். பிழையான அளவு, அளவே இல்லாமையினும் தீது என்பதே அவர் வாழ்நாள் உழைப்பு புகட்டும் பாடம்.

அப்பாடத்தை நாம் எப்போதும் கடைப்பிடித்தோம் என்று சொல்வதற்கில்லை. இந்திய ரேடியோ ஸோண்டுகளின் அளவுகளில் பிழை மிகுதி என்று உலக வானிலை மையங்கள் குறைகூறிய காலம் நெடுநாள் நீடித்தது. வியர்வை சிந்தி ஏற்றிய பலூன்களின் சாட்சியம் ஐயத்துடன் நோக்கப்பட்டது வருந்தத்தக்கதே. 2009-ம் வருஷத்தை ஒட்டி ஜி.பி.எஸ். கருவிகள் புகுத்தப்பட்டபின் நிலைமை பெரிதும் திருந்தியது. ஆனால் அப்போது வந்தவற்றுள் அயல்நாட்டுக் கருவிகளும் உண்டு. பின்னர் திருவனந்தபுரத்து விக்ரம் ஸாராபாய் விண்வெளி மையம் சொந்தமாக ஒரு ஜி.பி.எஸ். கருவியை அமைத்து, கொல்லங்கோட்டில் பிறந்த வானிலை அறிஞர் பி. ஆர். பிஷாரடியின் பெயரை அதற்குச் சூட்டியது. விசிறியும் கடிகாரமும் செய்த கைகளுக்கு மின்னணு விசையும் செய்யத் தெரியும் என்பதை இது நிரூபிக்கிறது.

சுதேசிக் கருவி என்பதற்காகப் பிழையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் கூறவில்லை. அயல்நாட்டுக் கருவி என்பதற்காகவே அதில் குறையிராது என்று நம்புவதும் பேதைமை. நாள்தோறும் இரு வேளை, தேசத்தின் பல நிலையங்களில் ஏற்றி இழக்கும் பொருளுக்கு என்றென்றும் பிறர் கையை எதிர்பார்த்திருப்பது விவேகமன்று என்பதே நமது கருத்து. அன்றியும் நம் மேகத்தின் ஈரமும், நம் வெயிலின் கடுமையும், நம் கரையின் உப்பங்காற்றும் குளிர்நாட்டு ஆராய்ச்சிக்கூடத்தில் வாய்ப்பதில்லை. இங்கே பறப்பதற்குரிய விசையை இங்கேயே செய்து, இங்கேயே சோதிப்பதுதான் முறை.

செயற்கைக் கிரகங்களும் ராடார்களும் வந்தபின் பலூன் எதற்கு என்று கேட்போரும் உளர். சென்னையில் 2002-ம் வருஷமே டாப்ளர் ராடார் அமைந்தது. 2013-ம் வருஷம் ஏவப்பட்ட இன்ஸாட்-3டி, மேலிருந்தபடியே காற்றின் உஷ்ணத்தையும் ஈரத்தையும் மதிப்பிடும் கருவியைத் தாங்கிச் சென்றது. இவற்றின் பெருமையை மறுப்பதற்கில்லை. ஆனால் ராடார் காண்பது முக்கியமாக மழைத்துளிகளை. பிறக்காத மழையை அது காணாது. செயற்கைக் கிரகம் மதிப்பிடுவது மேலிருந்து பார்த்த ஒளியைக் கொண்டு. மெல்லிய அடுக்குகள் அதற்கு மங்கலாகவே தெரியும். காற்றினுள்ளே புகுந்து, தொட்டு அளந்து வருவது பலூனே. அவற்றின் மதிப்பீடு மெய்தானா என்று சோதிக்கும் எடைக்கல்லும் அதுவே.

கரையோர மக்களுக்கு என்ன பயன்?

2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. கரையேறிய புயல் உள்நாடு நோக்கி நகர்ந்து தேய்வதே வழக்கம். இதுவோ மறுநாள் வரையில் புதுச்சேரியை ஒட்டியே ஏறத்தாழ அசையாமல் நின்றது. டிசம்பர் 1-ந் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் புதுச்சேரியில் சுமார் 48 சென்டிமீட்டரும், வானூருக்கு அருகிலுள்ள மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. வானூரும் மரக்காணமும் அந்த மழையின் நடுவே சிக்கின. புயலை நடத்திச் செல்வது அதனைச் சூழ்ந்த மேல்காற்று. அக்காற்று வலுவிழந்து, எதிரெதிர்த் திசைகளில் சமனாகிவிட்டால், நடத்துவார் இன்றிப் புயல் நின்றுவிடும். அத்தகைய மெல்லிய சமநிலையை முன்னறிய வேண்டுமானால், ஒவ்வோர் அடுக்கின் காற்றும் உஷ்ணமும் ஈரமும் பிழையின்றித் தெரிந்தாக வேண்டும். பலமான காற்றை அளப்பதில் சிறு பிழை பொறுக்கத்தக்கது. பலவீனமான காற்றை அளப்பதில் அதே பிழை முடிவையே மாற்றிவிடும்.

ஆகவே நாம் வற்புறுத்த விரும்புவன சில. பருவமழைக் காலத்தில் சென்னையிலும் காரைக்காலிலும் இரு வேளைப் பலூன்களும் ஒரு நாளும் தவறாமல் ஏற வேண்டும். புயல் நெருங்கும்போது இடைவேளைகளிலும் ஏற்ற வேண்டும். ஏற்றுமுன் ஒவ்வொரு கருவியையும், உஷ்ணமும் ஈரமும் திட்டமாகத் தெரிந்த பெட்டியில் வைத்து, எல்லா உறுப்புகளும் முறைப்படி பேசுகின்றனவா, தெரிந்த தடையின் குரல் சரியாக ஒலிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அவசரத்தை முன்னிட்டு இச்சோதனையைக் கைவிடலாகாது. எந்த வருஷம் எந்தக் கருவி பறந்தது, விசை எப்போது மாறியது என்னும் குறிப்பு தேசத்தின் வான வரலாற்றோடு பத்திரப்படுத்தப்பட வேண்டும். இல்லையேல் கருவி மாறியதால் வந்த வித்தியாசத்தைப் பருவம் மாறியதால் வந்ததென்று பின்வருவோர் மயங்குவர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முப்பது கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்த செய்தி, கடைசி மூன்று கிலோமீட்டரில் தொலைந்துபோகக் கூடாது. மாலையில் ஏறும் பலூன் சொன்னதன் சாரம், அன்றிரவே மரக்காணத்து உப்பளத் தொழிலாளிக்கும், வானூர் விவசாயிக்கும், கழுவெளிக் கரையில் வலை வீசுபவனுக்கும் விளங்குகிற தமிழில் சென்று சேர வேண்டும். "சில இடங்களில் மழை பெய்யலாம்" என்னும் பொதுவாக்கு உப்பு வாருவதா, விடுவதா என்று தீர்மானிக்க உதவாது. இன்ன நேரத்தில், இன்ன கரையில், பத்தில் இத்தனை பங்கு மழைக்கு வாய்ப்புண்டு என்று சொன்னால், உழைப்பாளி தன் அனுபவத்தையும் சேர்த்துத் தானே முடிவு செய்துகொள்வான்.

பலூன் வெடித்ததும் கருவி எங்கோ கடலில் விழுகிறது. அதைத் தேடிப் போவார் இல்லை. விழுமுன் அது சொன்னது மட்டுமே எஞ்சுகிறது. அச்சொல் மெய்யாக இருக்கும்படி செய்வது, ஒவ்வொரு உறுப்புக்கும் உரிய முறையைக் கொடுத்து, எடைக்கல்லின் முறையையும் யாருக்கும் விட்டுக்கொடாத அச்சிறு விசை. அவ்விசையைச் செய்பவரும், சோதித்து அனுப்புபவரும், அது சொன்னதைக் கேட்டெழுதுபவரும் தத்தம் முறையில் தவறாதிருப்பாராயின், கரையில் பாத்தி கட்டுபவளின் உழைப்பு வீணே கரைந்து போகாது.